பக்தி அச்சத்தின் குழந்தையா? திருவிதாங்கூர் தரும் மறுப்பு

கடவுள் வழிபாடு அச்சத்திலிருந்து பிறந்தது என்னும் கருத்து, இன்று படித்தவர்களிடையே வாதத்துக்குரிய ஒரு கோட்பாடாகக்கூடக் கருதப்படாமல், ஐயத்துக்கு இடமில்லாத பொது அறிவாகவே கொள்ளப்படுகிறது. இடியையும் கொள்ளைநோயையும் சாவையும் கண்டு நடுங்கிய ஆதிமனிதன், அவற்றுக்குப் பின்னால் ஒரு முகத்தைக் கற்பித்துக்கொண்டு அதன்முன் மண்டியிட்டான் என்றும், அந்த மண்டியிடலுக்குப் பாட்டும் படையலும் சேர்ந்தபோது அதுவே பக்தி என்று பெயர் பெற்றது என்றும் இக்கருத்து சொல்கிறது. ரோமானியக் கவிஞர்கள் காலத்திலேயே வழங்கிவந்த இந்த எண்ணத்தை, 1757-இல் வெளிவந்த 'சமயத்தின் இயற்கை வரலாறு' என்னும் நூலில் டேவிட் ஹியூம் தத்துவமாக விரித்துரைத்தார். 1927 மார்ச்சில் லண்டனின் பாட்டர்சீ நகர மன்றத்தில் தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஆற்றிய உரை, அதை எளிய மொழியில் உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அதே ஆண்டில் வெளியான 'ஒரு மாயையின் எதிர்காலம்' நூலில் சிக்மண்ட் ஃப்ராய்ட், குழந்தைப் பருவத்தின் கையறுநிலையே வளர்ந்தபின் தந்தையை ஒத்த ஒரு தெய்வத்தைத் தேடுகிறது என்று சொல்லி அதற்கு உளவியல் அடித்தளம் இட்டார். தமிழகத்தின் சுயமரியாதை மேடைகளும் கேரளத்தின் யுக்திவாத, அதாவது பகுத்தறிவுவாத, மேடைகளும் இக்கருத்தைச் சாதி ஒழிப்புப் போராட்டத்தோடு இணைத்ததால், அதற்கு ஓர் அறநிலை வலிமையும் சேர்ந்தது.

இதில் கவனிக்கத்தக்கது, பக்தியின் சார்பில் பேசுவோரில் பெரும்பாலோரும் இதே கருத்தை மறைமுகமாக ஏற்றுக்கொண்டிருப்பதுதான். கிரகதோஷத்துக்கு இன்ன பரிகாரம், எதிரிபயம் நீங்க இன்ன தலம், கடன் தீர இன்ன விளக்கு என்று அச்சங்களின் பட்டியலுக்கு எதிரே வழிபாடுகளின் பட்டியலை நிறுத்தும் பழக்கம், அச்சமே மனிதனைக் கோயிலுக்கு இழுத்து வருகிறது என்னும் நாத்திகரின் கூற்றை ஆத்திகரின் வாயாலேயே உறுதிப்படுத்துகிறது. ஒருவர் அதைக் குறையென்பார், மற்றவர் நிறையென்பார். அடிப்படையில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. இந்தக் கட்டுரை அந்த அடிப்படையையே மறுக்கிறது. அச்சம் செய்யும் வழிபாடு ஒன்று உண்டு. பக்தி என்பது அதிலிருந்து இயல்பிலேயே வேறானது. அச்சத்தின் ஆட்சி மிகக் கடுமையாக இருந்த இடங்களில் ஒன்றான பழைய திருவிதாங்கூரில், அந்த ஆட்சியை முதலில் உடைத்தவர்கள் பக்தர்களே என்பது இதன் வாதம்.

அச்சம் செய்யும் வழிபாடு உண்டு என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பனையேறி வாழ்ந்த மக்களைப் பற்றி 1849-இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல் எழுதிய நூல், அவர்களுடைய சமயத்தைப் பேய்வழிபாடு என்றும் அச்சமே அதன் உயிர் என்றும் விவரித்தது. துர்மரணம் அடைந்தவர்கள் பேயாகி அலைவார்கள், அவற்றுக்கு இரத்தப்பலி கொடுத்துத் தணிக்காவிட்டால் பிள்ளைகளையும் மாடுகளையும் கொல்லும் என்னும் நம்பிக்கை நெல்லையிலும் குமரியிலும் பரவியிருந்தது உண்மை. சுடலைமாடன், இசக்கி முதலிய தெய்வங்களின் கொடைவிழாக்களில் அச்சத்தைத் தவிர வேறொன்றையும் காண மறுத்தது கால்டுவெல்லின் பார்வைக் குறை; அக்கதைகளில் கொலையுண்டவர்களுக்கு நீதி கேட்கும் குரலும் உண்டு. ஆயினும் அச்சம் அங்கே இருந்தது. அவருடைய பிழை பெரிதாவது வேறோரிடத்தில்: அவர் எழுதுவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, அதே மக்களிடையே, அவருடைய வட்டாரத்திலிருந்து சில காதத் தொலைவில், அந்தப் பேயச்சத்தை வேரோடு களைந்த ஓர் இயக்கம் பக்தியின் பெயரால் எழுந்திருந்தது. அச்சமும் பக்தியும் ஒன்றே என்றால் அந்த இயக்கம் தோன்றியிருக்கவே முடியாது.

அதற்குச் செல்லுமுன், பக்தி என்பதை மரபு எவ்வாறு வரையறுத்தது என்று பார்ப்பது தேவை. பகவத்கீதையின் ஏழாம் அத்தியாயம் இறைவனை நாடுவோரை நான்கு வகையாகப் பிரிக்கிறது: துன்பத்தில் சிக்கியவன், அறிய விரும்புபவன், பொருளை வேண்டுபவன், ஞானி. ஹியூமும் ஃப்ராய்டும் கண்டறிந்ததாகச் சொல்லும் மனிதன் இந்நால்வரில் முதல்வனே. அவனை மரபு மறைக்கவில்லை, இழிவுபடுத்தவுமில்லை. ஆனால் அவனைத் தொடக்கநிலையினனாகவே கொண்டு, எதையும் வேண்டாத நான்காமவனையே இறைவனுக்கு மிக உகந்தவனாக வைக்கிறது. அதே நூலின் பதினாறாம் அத்தியாயம் தெய்வத்தன்மை உடையோரின் பண்புகளை அடுக்கும்போது, வாய்மைக்கும் ஈகைக்கும் கொல்லாமைக்கும் முன்பாக 'அபயம்', அதாவது அஞ்சாமை, முதலிடம் பெறுகிறது. பிருகதாரண்யக உபநிடதம் இன்னும் ஆழமாகச் சென்று, தனக்கு இரண்டாவதாக ஒன்று இருக்கிறது என்னும் எண்ணத்திலிருந்தே அச்சம் எழுகிறது என்று காரணம் காட்டுகிறது. இறைவனுக்கும் தனக்கும் இடையே சிறிதளவு இடைவெளி வைப்பவனுக்கும் அச்சம் உண்டு என்று தைத்திரீய உபநிடதம் கூறுகிறது. ஆகவே இறைவனை அஞ்சி நிற்பது பக்தியின் இலக்கணமாக இருக்க இயலாது, ஏனெனில் அஞ்சுவதற்கு வேண்டிய தொலைவையே பக்தி அழிக்க முற்படுகிறது.

வைணவம் வகுத்த சரணாகதி, அதாவது அடைக்கலம் புகுதல், இதை நடைமுறையாக்கியது. சரணாகதிக்குச் சொல்லப்படும் ஆறு உறுப்புகளில் ஒன்று, 'அவன் காப்பான்' என்னும் அசையாத நம்பிக்கை. இதைத் துன்பம் வராது என்னும் உத்தரவாதமாக எளிய விளக்கங்கள் மாற்றிவிட்டன. அந்த நெறியின் பேராசிரியர்களுள் ஒருவரான பிள்ளை லோகாசாரியர், பதினான்காம் நூற்றாண்டில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, அரங்கனின் உற்சவத் திருமேனியை ஏந்திக்கொண்டு முதுமையில் தெற்கே நடந்து, மதுரைக்கு அருகில் ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தவர். தம்மை இறைவன் துன்பத்திலிருந்து விலக்கிவைப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. காக்கும் தெய்வத்தைத் தாம் காத்துச் சென்றார்.

அச்ச வழிபாட்டிலிருந்து பக்தியைப் பிரித்தறிய இங்கிருந்து இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதலாவது, அச்சம் எப்போதும் கொடுக்கல் வாங்கல் செய்யும்: பலி கொடுத்தால் நோய் விலகும், காணிக்கை செலுத்தினால் கோபம் தணியும். பக்தி அந்தப் பேரத்தை மறுக்கும். இரண்டாவது, அச்ச வழிபாடு ஏற்கெனவே உள்ள எசமானர்களோடு கண்ணுக்குத் தெரியாத மேலும் ஓர் எசமானனைச் சேர்க்கும். பக்தியோ ஒருவனை ஏற்றுக்கொள்வதன் வாயிலாக மற்ற எசமானர்களை எல்லாம் பதவியிறக்கும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னனின் ஆணையோடு வந்த அமைச்சர்களிடம் திருநாவுக்கரசர் தந்த மறுமொழியை இதற்கு முதற்சான்றாகக் கொள்ளலாம். சிவனுக்கு ஆட்பட்டவர்கள் வேறு எவருக்கும் குடிகள் அல்லர், யமனுக்கும் அஞ்சார் என்னும் பொருளில் அவர் பாடியதாகப் பெரியபுராணம் அந்தக் காட்சியை அமைக்கிறது. நீற்றறையும் நஞ்சும் யானையும் கடலில் எறிதலும் அதன்பின் வருகின்றன. அவற்றை வரலாறாகக் கொள்ளாதவர்கள்கூட, ஓர் அரசாணையை மறுக்கும் மொழி தமிழில் முதன்முதலாக இத்தனை உரத்து ஒலித்தது ஒரு பக்தரின் வாயில்தான் என்பதை மறுக்க இயலாது.

இனித் திருவனந்தபுரம். நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒரு பதிகம் முழுவதையும் இவ்வூருக்கு அளித்து, கூற்றுவனின் ஏவலர்கள் அணுக அஞ்சும் இடமாக இதைப் பாடி, நம்மவர்களே வாருங்கள், இன்றே அங்கே புகுவோம் என்று பன்மையில் அழைத்தார். அந்த அழைப்புக்கு உரியவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பின்னர் அக்கோயிலின் தெருக்களிலேயே நடக்க முடியாமற் போனது எவ்வாறு என்பது பக்தியின் வரலாற்றில் மறைக்கக் கூடாத பகுதி. 1750 ஜனவரியில் மன்னர் மார்த்தாண்டவர்மா தம் உடைவாளைப் பத்மநாபசுவாமியின் திருமுன் வைத்து, நாட்டை இறைவனுக்கே காணிக்கையாக்கி, அவனுடைய அடியவராக, 'பத்மநாபதாசன்' என்னும் பெயரோடு அதைத் திரும்பப் பெற்று ஆண்டார். திருப்படிதானம் எனப்படும் இச்செயலில் மன்னரின் தனிப்பட்ட பக்தி உண்மையானதாகவே இருந்திருக்கலாம். அரசியல் விளைவு வேறு. மன்னனை எதிர்ப்பது இனி இறைவனை எதிர்ப்பதாயிற்று. அதிகாரியின் சாட்டைக்குப் பின்னால் தெய்வத்தின் சினமும் வந்து நின்றது. அச்சக் கோட்பாட்டினர் தங்கள் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்றைத் தேட வேண்டியதில்லை, அவர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது மறுப்பதற்கும் ஒன்றுமில்லை.

அந்த ஆட்சியில் நாடார்களும் ஈழவர்களும் தலைவரி கட்டினார்கள். ஊழியம் எனப்பட்ட கூலியற்ற கட்டாய வேலை செய்தார்கள். ஆணும் பெண்ணும் இடுப்புக்கு மேல் ஆடை உடுத்தக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. குறித்த அடிகளுக்கு அப்பால் நின்றே உயர்சாதியாரோடு பேச வேண்டும். பிள்ளைக்குப் பெயரிடவும் அஞ்ச வேண்டியிருந்தது. 1809-இல் கன்னியாகுமரிக்கு அருகே சாஸ்தாங்கோயில்விளையில் பிறந்த ஒரு நாடார் குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டபோது, அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரிய பெயரைத் தாழ்ந்தவன் தாங்குவதா என்று எதிர்ப்பு எழுந்து, அது முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டதாக மரபு சொல்கிறது. பகலில் அதிகாரியின் அச்சம், இரவில் பேயின் அச்சம் என்று வாழ்ந்த ஒரு சமூகத்தில் வளர்ந்த அந்த முத்துக்குட்டி, 1833-இல் நோயுற்ற நிலையில் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கடலில் இறங்கி, மூன்றாம் நாள் நாராயணனின் அவதாரமான வைகுண்டராக எழுந்தார் என்பது அவரைப் பின்பற்றும் அய்யாவழி மக்களின் நம்பிக்கை.

திரும்பிவந்த அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் அமர்ந்து செய்தவற்றை, மேலே கண்ட இரு அளவுகோல்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பேய்களின் வல்லமையைப் பறித்து அவற்றை எரித்துவிட்டதாக அவர் அறிவித்தார். இனிப் பேய்க்குப் பலியிடுவதும் அதற்கென வீடு கட்டுவதும் வேண்டாம் என்றார். இறைவனுக்கும் காணிக்கை வேண்டாம், காவடி வேண்டாம், இடைநின்று பெற்றுக்கொள்ளும் பூசாரியும் வேண்டாம் என்று பேரத்தின் எல்லா வழிகளையும் அடைத்தார். அச்சத்துக்குத் தன் வணிகத்தை நடத்த ஒரு கடை தேவை. அந்தக் கடையே அங்கு மூடப்பட்டது. 'பதி' எனப்படும் அய்யாவழி வழிபாட்டு மையங்களின் உள்ளறையில் சிலை கிடையாது. விளக்கொளியில் ஒரு கண்ணாடி இருக்கும். வணங்க வருபவர் அதில் தம்மையே காண்பார். உயர்சாதியாரின் முன் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டவோ அக்குளில் இடுக்கவோ பழக்கப்பட்டிருந்த ஆண்கள், இறைவனின் முன் தலைப்பாகை கட்டியே வர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஊழியச் சுமையால் குனிந்த ஒருவன் தலைப்பாகையோடு கண்ணாடிமுன் நிமிர்ந்து நின்று, அங்கே காணும் முகத்தில் நாராயணனை வணங்குகிறான். இரண்டாவது ஒன்று இருப்பதால் அச்சம் என்ற உபநிடதக் கருத்து வேதம் ஓத உரிமை மறுக்கப்பட்டவர்களின் அன்றாடச் சடங்காக மாறியது இவ்வாறுதான். சாமித்தோப்பின் முந்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீராடியதும், ஊர்தோறும் நிழல்தாங்கல் என்னும் எளிய கூடங்கள் எழுந்து வழிபாட்டிடமாகவும் கூடுமிடமாகவும் பயன்பட்டதும் இதன் தொடர்ச்சி.

அரசு இதன் பொருளைப் புரிந்துகொண்டது. 1838-இல் வைகுண்டர் கைது செய்யப்பட்டுத் திருவனந்தபுரத்துக்கு நடத்திச் செல்லப்பட்டு, சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். அப்போது ஆண்டவர் சுவாதித் திருநாள்; பத்மநாபனைப் பற்றிப் பல மொழிகளில் கீர்த்தனைகள் இயற்றிய, இசையுலகம் இன்றும் போற்றும் அரசர். ஒரே திருமாலின் பெயரால் ஒருவர் அரியணையிலும் ஒருவர் விலங்கிலும் இருந்தனர். நஞ்சு கலந்த பால் கொடுத்தும் புலிமுன் நிறுத்தியும் வைகுண்டரைச் சோதித்ததாக அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை கூறுகிறது. தம் சாதியாரோடு மட்டுமே பழகுவேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுதலை என்ற நிபந்தனையை அவர் ஏற்க மறுத்ததாகவும் மரபு உண்டு. 1839-இல் அவர் விடுதலையானார். அடுத்த சில ஆண்டுகளில் தாமரைகுளத்தைச் சேர்ந்த சீடர் அரிகோபாலன் எழுதிய அந்த அகிலத்திரட்டு, திருவிதாங்கூர் மன்னரைக் கலிநீசன் என்றும் ஆங்கிலேயரை வெண்ணீசன் என்றும் குறிப்பிட்டது. ரெசிடென்ட் எனப்பட்ட பிரிட்டிஷ் பிரதிநிதியின் பாதுகாப்பில் ஆண்ட அரசனையும் அந்த ரெசிடென்டின் இனத்தாரையும் ஒருசேர இவ்வாறு எழுதும் துணிவு, அக்காலத்துத் திருவிதாங்கூரின் கற்றோர் எவரிடமும் காணப்படாதது. அச்சம் பெற்ற பிள்ளை தன் தாயை இவ்வாறு வீட்டைவிட்டு விரட்டாது.

இங்கே வரலாற்றாய்வாளர்கள் சிலர் எழுப்பும் எதிர்வாதம் கருதத்தக்கது. பக்தி வெறும் புறத்தோற்றம், உண்மையில் வேலை செய்தவை கல்வியும் மிஷன் ஆதரவும் பிரிட்டிஷ் அழுத்தமும் என்பது அவர்கள் கூற்று. மைலாடியைத் தளமாகக் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கிறிஸ்தவ அமைப்பான லண்டன் மிஷன் இயங்கியதும், அதன் பள்ளிகள் பல்லாயிரம் பேருக்கு எழுத்தறிவு தந்ததும், தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் நாடார் பெண்கள் மேலாடை அணிய 1859 ஜூலையில் அரசு அனுமதித்ததில் மிஷனின் முறையீடுகளுக்கும் மதராஸ் அரசின் தலையீட்டுக்கும் பெரும் பங்கு உண்டு என்பதும் நன்றியோடு நினைக்க வேண்டியவை. ஆனால் சாமித்தோப்பை இந்த விளக்கம் தொடக்கூட இல்லை. வைகுண்டரிடம் பள்ளி இல்லை, நிதி இல்லை, அவருக்காக ரெசிடென்டிடம் பேச ஆள் இல்லை. மிஷனின் அறிக்கைகள் அவருடைய கூட்டத்தைத் தங்கள் பணிக்குத் தடையாகவே பதிவு செய்தன. வெளியிலிருந்து எந்தத் துணையும் பெறாத மக்கள் தலைப்பாகை கட்டியதற்கு, அவர்கள் உள்ளே பெற்றுக்கொண்ட ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். அதை மக்கள் தாங்களே பக்தி என்று அழைக்கும்போது, வேறு பெயரிட வேண்டிய கட்டாயம் ஆய்வாளருக்கு எங்கிருந்து வருகிறது?

வைகுண்டர் 1851-இல் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, இளமையில் சாமித்தோப்புக்கு அருகிலுள்ள மருந்துவாழ்மலையின் குகையில் தவம் செய்தவர்; திருவனந்தபுரத்தில் ரெசிடென்சி அலுவலராக இருந்த தமிழர் தைக்காடு அய்யாவிடம் யோகம் பயின்றவர்; தமிழிலும் பாடல்கள் இயற்றியவர். 1888 சிவராத்திரியில் அவர் நெய்யாற்றில் மூழ்கி எடுத்த ஒரு கல்லை அருவிப்புறத்தில் சிவலிங்கமாக நிறுவினார். பிரதிஷ்டை, அதாவது தெய்வத்தை முறைப்படி நிலைநிறுத்தும் சடங்கு, பிராமணத் தந்திரிகளுக்கு மட்டுமே உரியது என்றிருந்த காலத்தில் ஓர் ஈழவர் அதைச் செய்வது, நம்பிக்கையுள்ள எவரையும் தெய்வக் குற்றம் பற்றிய அச்சத்தால் நடுங்கச் செய்திருக்க வேண்டும். அங்கே கூடியிருந்தவர்களோ விழிப்போடும் வழிபாட்டோடும் நின்றார்கள். ஈழவர் குடும்பங்களில் வணங்கப்பட்டுவந்த சாத்தன், மாடன் முதலிய தெய்வங்களையும் பலியையும் கள் படையலையும் விலக்கி, சிவனையும் முருகனையும் அவர் நிறுவியது வைகுண்டரின் பணியையே ஒத்தது. கிராமத் தெய்வங்களை அகற்றியதில் ஒரு பண்பாட்டு இழப்பும் உண்டு என்று இன்று சிலர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை; ஆனால் பலியோடு பிணைந்த அச்சம் போனதற்காக வருந்த எவருமில்லை. அருவிப்புறம் கோயிலை நிர்வகிக்க அமைந்த குழுவிலிருந்தே 1903-இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன சங்கம் உருவாகி, பள்ளிகளுக்காகவும் அரசு வேலைக்காகவும் கோயில் தெருக்களுக்காகவும் வாதாடியது.

நாராயண குருவின் இறுதிக்காலப் பிரதிஷ்டைகள் சிலையிலிருந்து படிப்படியாக விலகிச் சென்றன: 1921-இல் காரமுக்கில் விளக்கு, 1927-இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோட்டில் கண்ணாடி. லண்டனில் ரஸ்ஸல் சமயத்தின் அடித்தளம் அச்சம் என்று அறிவித்ததும், வியன்னாவில் ஃப்ராய்ட் பக்தனைத் தந்தையைத் தேடும் குழந்தை என்று விளக்கியதும் அதே 1927-இல்தான். அவர்கள் இருவரும் அறிந்திருந்தது தண்டிக்கும் தந்தையாகிய ஒரு கடவுளை. அந்தக் கடவுளைப் பற்றிய அவர்களின் கணிப்பு சரியாகவே இருக்கலாம். தந்தையின் உருவம் இருந்த இடத்தில் வணங்குபவனின் முகத்தையே வைக்கும் ஒரு வழிபாட்டுக்கு அந்தக் கணிப்பு எவ்வாறு பொருந்தும் என்பதை அவர்களின் கருத்தை இங்கே இறக்குமதி செய்தவர்கள் விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை.

பெரியாரின் நிலை இவர்களிலிருந்து வேறானது, ஏனெனில் திருவிதாங்கூரின் அச்ச இயந்திரத்தை அவர் நூல்வழி அறிந்தவரல்லர். வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய சத்தியாகிரகத்தில் ஈடுபட்டு, அருவிக்குத்தியிலும் பின்னர் திருவனந்தபுரம் சிறையிலும் அவர் அடைபட்டார். போராட்டக்காரர்களை அழிக்கச் சத்ரு சம்ஹார யாகம், அதாவது பகைவரை ஒழிக்கும் வேள்வி, நடத்தப்பட்டதையும், அந்த ஆகஸ்டில் மன்னர் மூலம் திருநாளே மறைந்ததையும் பின்னாளில் அவர் எடுத்துரைத்தார். வேள்வியை ஆயுதமாக்கிய அந்தச் சமயத்தின்மேல் அவர் கொண்ட வெறுப்பு முழுவதும் நியாயமானது. ஆனால் அதே போராட்டத்தைத் தொடங்கிய டி.கே. மாதவன் நாராயண குருவின் வழிவந்தவர். சத்தியாகிரகிகள் தங்கியிருந்த வெல்லூர் மடம் குரு அளித்தது. நாத்திகரும் பக்தரும் ஒரே சிறைக்குச் செல்லத் துணிந்தபோது, ஒருவரின் துணிவை அறிவின் பயன் என்றும் மற்றவரின் துணிவைக் கணக்கில் வராதது என்றும் பிரிப்பது நேர்மையான வரலாறாகாது.

துணிவு பக்தியிலிருந்து மட்டுமே வரும் என்பது இவ்வாதத்தின் பொருளன்று. வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி 1893-இல் தம் சாதியாருக்குத் தடைசெய்யப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றபோது, அவரை நடத்தியது தன்மானமே. எந்தத் தெய்வத்தின் பெயரும் அதற்குத் தேவைப்படவில்லை. பக்தி துணிவைத் தருகிறது என்பதற்கும், பக்தி இல்லாதவனுக்குத் துணிவில்லை என்பதற்கும் இடையே பெரும் தொலைவு உண்டு.

1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டபோது, அச்சம் உண்மையில் எங்கே குடியிருந்தது என்பது வெளிப்பட்டது. சாந்நித்தியம், அதாவது மூர்த்தியில் இறைவன் உறையும் நிலை, குன்றிவிடும் என்றும் நாட்டுக்குக் கேடு வரும் என்றும் அதற்கு முன்புவரை எச்சரித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கருவறைக்கு அருகில் நின்றவர்களே. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அந்தக் கதவு திறந்ததும் எந்த நடுக்கமுமின்றி உள்ளே சென்று வணங்கினார்கள். அச்சக் கோட்பாடு உண்மையானால், தெய்வத்தின் சினத்தைப் பற்றி வாழ்நாளெல்லாம் மிரட்டப்பட்டவர்கள் அல்லவா மிகவும் அஞ்சியிருக்க வேண்டும்?

திருவனந்தபுரத்தில் அண்மைக்காலத்திலும் இதுவே மீண்டும் நிகழ்ந்தது. பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளின் செல்வம் 2011-இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி கணக்கெடுக்கப்பட்டபோது, 'பி' அறையைத் திறந்தால் சாபம் சூழும் என்னும் செய்தி இந்தியா முழுவதும் பரவியது. அந்த ஆகஸ்டில் நடந்த தேவபிரசனம், அதாவது சோதிடர்கள் கூடித் தெய்வத்தின் கருத்தை ஆராயும் சடங்கு, அதைத் திறக்கக் கூடாது என்று எச்சரித்தது. அதற்கு முந்தைய மாதம் 17ஆம் தேதி, அந்தக் கணக்கெடுப்புக்கு வழிவகுத்த வழக்கைத் தொடுத்த முன்னாள் இந்தியக் காவல் பணி அதிகாரியும் வழக்கறிஞருமான டி.பி. சுந்தரராஜன் எழுபது வயதில் காலமானார். சாபம் பலித்ததாகப் பேசப்பட்டது. அவர் நாத்திகரல்லர். கோயிலருகே வாழ்ந்து நாள்தோறும் பத்மநாபனை வணங்கிவந்த பக்தர். அந்தப் பக்தியே அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. இறைவனின் சொத்துக்குக் கணக்கு வேண்டும் என்று கேட்டவர் வணங்கியவர். பூட்டிய கதவைக் காட்டி அச்சுறுத்தியவை வதந்தியும் சோதிடமும். 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரச குடும்பத்தின் நிர்வாக உரிமையை ஏற்று, 'பி' அறையைப் பற்றிய முடிவைக் குழுக்களிடம் விட்டது. முடிவு எதுவாயினும், அது கணக்கையும் கோயில் முறையையும் பற்றியதாக இருக்க வேண்டுமேயொழிய, ஒரு மனிதரின் மரணத்தைச் சாட்சியாக்கும் சாபக்கதையைப் பற்றியதாக இருக்கக் கூடாது.

பக்தி அச்சத்தை விலக்குவதை அதே நகரின் ஆற்றுக்கால் பகவதி கோயிலிலும் காணலாம். 2009-இல் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு பெற்ற பொங்காலை விழாவில், முன்பின் அறியாத பெண்கள் நடைபாதையில் செங்கல் அடுக்கி, முந்திய இரவே தெருவில் படுத்துறங்கி, ஒருவர் அடுப்பிலிருந்து மற்றவர் நெருப்பெடுத்துப் பொங்குகிறார்கள். ஆண்டின் மற்ற இரவுகளில் தனியே நடக்கத் தயங்கும் சாலை அன்று அவர்களுடையது. அதே கோயிலில் சிறுவர்களின் விலாவில் கம்பி நூல் கோக்கும் குத்தியோட்ட நேர்ச்சையை 2018-இல் வெளிப்படையாகக் கண்டித்தவர், அப்போது சிறைத்துறைத் தலைவராயிருந்த ஆர். ஸ்ரீலேகா, அவரும் பொங்காலையிட்டு வந்த பக்தையே.

அண்மையில் எழுந்த மற்றொரு விவாதம் சட்டையைப் பற்றியது. கேரளக் கோயில்களில் ஆண்கள் மேலாடையைக் களைந்து நுழையும் வழக்கம், பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஏற்பட்டது என்றும் அதைக் கைவிட வேண்டும் என்றும் 2024 டிசம்பர் 31 அன்று வர்க்கலையின் சிவகிரித் தீர்த்தாடன மேடையில் கேட்டவர், நாராயண குருவின் மடத்துத் தலைவர் சச்சிதானந்த சுவாமி என்னும் துறவி. அப்போதைய முதலமைச்சர் பினராயி விஜயன் அதே மேடையில் அதை ஆதரித்தார். ஆசாரங்களை மாற்றச் சொல்ல இவர்கள் யார் என்று நாயர் சேவை சங்கத்தின் தலைமை எதிர்த்தது. எந்தக் கோயில் எந்த வழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் பக்தர்களிடையே நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் பக்தி மனிதனைக் குனியப் பழக்குகிறது என்று சொல்பவர்கள், குனியச் சொல்லும் ஒரு வழக்கத்துக்கு எதிரான இந்தக் கோரிக்கை ஒரு காவியுடையிலிருந்து வந்ததற்கும், அதற்கு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாட்டின் தென்முனையில் இறைவன்முன் தலைப்பாகை கட்டச் சொன்னவரும் ஒரு பக்தராக இருந்ததற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.